மொய்து கடை டீ

நவம்பர் 3, திங்கள்

மழை. நேற்றுத் துவைத்த துணி இன்னும் காயவில்லை. அடுப்பங்கரையில் கயிறு கட்டி மறுபடியும் போட்டேன். கேஸுக்குச் சொல்லி ஒரு வாரமாகிறது, வரக் காணோம்.

இந்த டைரி மருந்துக்கடைக்காரர் கொடுத்தது. வருஷம் முடியப்போகிற நேரத்தில் எழுத உட்காருகிறேன். இந்த மாதத்தோடு மேல்கம்பையை விட்டுப் போகிறோம். எங்கள் மகள் ஜெஸி கோயம்புத்தூரில் அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே எங்களுக்கும் ஒரு வீடு பார்த்துவிட்டாள். இவருடைய நுரையீரலுக்கு இனி ஒரு மலைக்குளிர் ஆகாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். நாற்பது வருஷம் இருந்த ஊர். ஞாபகத்துக்கு நாலு வரி இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன், வேறொன்றும் இல்லை.

இவர் மட்டும் "நான் வரல" என்கிறார். ஏன் என்று கேட்டால் செருப்பைத் தேடுகிறார். காலையில் எழுந்ததும் மப்ளரைச் சுற்றிக்கொண்டு மேல் பஜாருக்குக் கிளம்பிவிடுகிறார், மொய்து கடையில் டீ குடிக்க. எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே நல்ல டீக்கடை இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் இரண்டு இருக்கின்றன. அதையெல்லாம் தாண்டி, அந்த ஏற்றத்தில் நின்று நின்று ஏறிப்போய், கழுநீரில் சர்க்கரை போட்டது போன்ற ஒரு டீயைக் குடித்துவிட்டு வருகிறார். ஒரு தடவை பிளாஸ்கில் வாங்கி வரச் சொல்லிக் குடித்துப் பார்த்தேன். கொட்டவும் மனசு வரவில்லை, குடிக்கவும் முடியவில்லை.

"அந்த டீயில அப்படி என்னதான் இருக்கு?" என்று இன்றும் கேட்டேன்.

"சூடா இருக்கு" என்றார்.

ஞானாபரணம் என்று இவருக்குப் பெயர் வைத்தவர்கள் வாயை மட்டும் பூட்டி அனுப்பிவிட்டார்கள்.

நவம்பர் 5, புதன்

நூலகத்தில் வேலை பார்க்கும் நஸ்ரின் வந்திருந்தாள். சீசனுக்கு வருகிறவர்களுக்காக ஊரின் பழைய கட்டடங்களைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம். "சிஸ்டரம்மா, சானடோரியம் பத்தி நீங்கதான் சொல்லணும். அங்க நர்ஸா இருந்தவங்க இப்ப ஊர்ல நீங்க ஒருத்தர்தாங்க" என்றாள்.

சானடோரியம் என்பது காசநோய்க்காரர்களுக்காகக் குன்றின் மேல் இருந்த ஆஸ்பத்திரி. தைல மரங்களுக்கு நடுவில் நீளநீளமான வராண்டாக்கள். நோயாளிகளைக் கட்டிலோடு வெளியே தள்ளிவந்து வெயிலில் போடுவோம். இவர் அங்கே எலக்ட்ரீஷியன். பக்கத்திலேயே எங்களுக்கெல்லாம் குவாட்டர்ஸ். மூடி, இடித்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. இப்போது பஸ் நிறுத்தத்துக்குப் பெயர் மட்டும் மிச்சம். கண்டக்டர் "சானடோரியம் இறங்கு" என்று கத்துகிறார், இறங்குகிறவர்களுக்கு அது என்னவென்று தெரியாது.

"மரச்சாமான் எல்லாம் லாரியில மேட்டுப்பாளையம் போயிடுச்சு. எழுத என்ன இருக்கு?" என்றேன்.

"யார் சொன்னது? அந்த வருஷம் மலை சரிஞ்சு ரோடு போயிடுச்சுல்ல. கான்ட்ராக்டர் இறக்க முடியாம எல்லாத்தையும் ஊருக்குள்ளயே வித்துட்டாராம். எங்க வீட்டு ஜன்னலே அங்கேருந்து வந்ததுதான். ஒரு குச்சி கூட கீழ போகலைன்னு அத்தா சொல்வாரு."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

நவம்பர் 6, வியாழன்

நஸ்ரினுக்கு உதவுவதாகச் சொல்லிவிட்டேன். வீடு காலி பண்ணுகிற நேரத்தில் இது தேவையா என்று இவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நவம்பர் 8, சனி

இன்று முழுக்க நஸ்ரினோடு அலைந்தேன். கால் வீங்கிவிட்டது, ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, ஒரு கட்டடம் ஊரெல்லாம் சிதறி உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். பெண்கள் வார்டு ஜன்னல் நஸ்ரின் வீட்டில். வராண்டாத் தூண்கள் கல்யாண மண்டபத்தில், தங்கக் கலர் பெயின்ட் அடித்து அசிங்கப்படுத்தி வைத்திருக்கிறார்கள். பெரிய டாக்டர் தடதடவென்று இறங்கிவருகிற மரப்படி இப்போது ஒரு லாட்ஜில் இருக்கிறது. ஆபரேஷன் அறையின் வெள்ளை ஓடுகள் சலூன் சுவரில். நாற்காலியில் சோப்பு நுரையோடு ஒருவர் சாய்ந்திருந்தார். என்னை அறியாமல் மாஸ்க்கைத் தேடிவிட்டேன்.

நஸ்ரின் கெட்டிக்காரி. "ஏன் சிஸ்டரம்மா, எந்த வீட்டுக்குப் போனாலும் வாசல்ல நின்னு நிலைய கையால தடவிப் பாக்கறீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

"கரையான் அரிச்சிருக்கான்னு பாக்கறேன்" என்றேன்.

அவள் அதைக் குறித்துக்கொண்டாள், பாவம்.

நவம்பர் 9, ஞாயிறு

கோயிலுக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். நமக்கு நாமே பொய் சொல்லிக்கொள்ள டைரி எதற்கு?

எனக்கு வேண்டியது ஒரே ஒரு வாசல் நிலை. எங்கள் குவாட்டர்ஸின் முன்வாசல் நிலை. அதில் வலப்பக்க மரத்தில் வரிசையாகச் சின்னப் பித்தளை ஆணிகள் இருக்கும். அந்தக் காலத்து ஒயரிங்கில் கிளிப் அடிக்கிற ஆணி. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் புதுச்சட்டை போட்ட கையோடு சாலுவை நிலையில் சாய்த்து நிற்கவைத்து, தலைக்கு நேராக இவர் ஓர் ஆணி அடிப்பார். முதல் கிறிஸ்துமஸில் அவனுக்கு நிற்கத் தெரியாது. நான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். கடைசி ஆணிக்கு, குதிகாலைத் தூக்கி ஏமாற்றப் பார்த்தான். இவர் தலையில் தட்டி இறக்கினார்.

சாலமோன். சாலு. ஏழு வயசு. மூளைக்காய்ச்சல். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே, என் கண்ணெதிரிலேயே போய்விட்டான்.

சாயந்தரம் ஆனால் அந்த வாசலில்தான் நிற்பான். போகிற வருகிற நர்ஸ், சமையல்காரர், நடமாடக்கூடிய நோயாளி, ஒருத்தரையும் விடமாட்டான். "சாப்பிட்டீங்களா?" என்று எல்லாரையும் கேட்பான், பெரிய மனுஷன்.

அவன் துணிமணி, செருப்பு எல்லாவற்றையும் அப்போதே அநாதை விடுதிக்குக் கொடுத்துவிட்டேன். அவன் பெயரை என் எதிரில் யாரும் எடுக்க வேண்டாம் என்று இவரிடம் சொன்னேன். அப்படி இருந்தால்தான் அடுத்த நாள் எழுந்து நடக்க முடிந்தது. பிறகு ஜெஸி வயிற்றில் தங்கினாள். பிரசவத்துக்கு நாசரேத்தில் அம்மா வீட்டுக்குப் போனேன். அவளைக் கையில் ஏந்திக்கொண்டு திரும்பி வந்தபோது குன்று மொட்டையாக இருந்தது. ஆஸ்பத்திரியும் இல்லை, குவாட்டர்ஸும் இல்லை. ஆணியடித்த மரம் மேட்டுப்பாளையம் போய் எரிந்திருக்கும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

அது இந்த ஊரிலேயே ஏதோ ஒரு வீட்டில் நிற்கிறது. மாதக் கடைசிக்குள் கண்டுபிடித்து, எவ்வளவு கேட்டாலும் கொடுத்து, கையோடு கொண்டுபோக வேண்டும்.

இவரிடம் சொல்லவில்லை. இவர் அவனை மறந்துவிட்டார். ஒரு தடவைகூட, தூக்கத்தில்கூட, அவன் பெயரைச் சொன்னதில்லை.

நவம்பர் 12, புதன்

மேற்குத் தெரு முழுக்கப் பார்த்தாகிவிட்டது. சானடோரியம் நிலைகள் நாலு கிடைத்தன. எதிலும் ஆணி இல்லை. முழங்காலுக்குச் சற்று மேலே தொடங்கி என் மார்பு வரை விரலால் தடவிக்கொண்டே போகிறேன். வீட்டுக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

ஜெஸி போன் செய்தாள். வண்டி சொல்லிவிட்டாளாம், இருபத்தொன்பதாம் தேதி. இவரிடம் கொடுத்தேன். "அம்மாவக் கூட்டிட்டுப் போ. நான் இங்கயே இருந்துக்கிடுதேன்" என்று சொல்லிப் போனை என்னிடமே நீட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வெங்காயத்தைக் கையோடு சேர்த்து நறுக்கிக்கொண்டேன்.

நவம்பர் 13, வியாழன்

காய்கறிச் சந்தையில் மொய்துவைப் பார்த்தேன். "சிஸ்டரம்மா, அண்ணனுக்குக் கொஞ்சம் சொல்லுங்க. உள்ளே அடுப்புப் பக்கம் உக்காருங்கன்னா கேக்கவே மாட்டார். வாசலோர பெஞ்சுதான் வேணும். அங்கே ஆள் இருந்தா எழுந்திருக்கற வரைக்கும் நின்னுட்டே இருப்பார். இந்தக் காத்துல நெஞ்சு என்னத்துக்காகும்?" என்றான்.

வந்து சத்தம் போட்டேன். வழக்கம்போல் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாசலில் உட்கார்ந்தால் பஜார் வேடிக்கை பார்க்கலாம், அதுதான் விஷயம். கிழவருக்கு வேடிக்கை கேட்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

பாத்திரம் கட்டினேன். பெரிய இட்லிச் சட்டியை என்ன செய்வது என்று தெரியவில்லை.

நவம்பர் 17, திங்கள்

ரத்தினாசாரியின் மனைவி காளியம்மா வீட்டுக்குப் போனேன். ஆசாரி போய்ப் பல வருஷமாகிறது. அந்தக் காலத்தில் ஊரில் பழைய மரம் வாங்கியவர்களுக்கெல்லாம் பொருத்திக் கொடுத்தது அவர்தான். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுப் பிரியமாகப் பேசினாள். எந்த நிலை எந்த வீட்டுக்குப் போனது என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. போகட்டும் என்று எழுந்தபோதுதான் இதைச் சொன்னாள்.

"ஏனுங்க சிஸ்டரம்மா, எங்கூட்டுக்காரரு பழைய நிலைய அப்படியேவா வெப்பாரு? இந்த ஊரு ஈரத்துல அடிப்பக்கம் இத்துப் போயிருக்குமுங்க. அத அறுத்துப் போட்டு, தலைகீழாத் திருப்பி வெச்சுப்போடுவாரு. நல்லா இருக்கற தலப்பக்கம் மண்ணுல நின்னா இன்னும் ஒரு தலைமுறைக்குத் தாங்குமுங்க. இங்க எல்லா ஆசாரியும் அப்படித்தானுங்க."

உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தாள்.

இத்தனை நாளும் நேராக நிற்கிற பிள்ளையைத் தேடியிருக்கிறேன். சின்ன ஆணி கீழே, பெரிய ஆணி மேலே என்று. தலைகீழாக நின்றால் முதல் ஆணி மேலே போயிருக்கும், கடைசி ஆணி கீழே இறங்கியிருக்கும். மேற்குத் தெருவில் ஒரு வீட்டில் கதவின் மேல் மூலையில் காலண்டர் மாட்டியிருந்த ஆணியைப் பார்த்தேனே, அது என்ன ஆணி? எல்லா வாசலையும் மறுபடி பார்க்க வேண்டும். நாள் இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

காலண்டர் ஆணி வெறும் இரும்பு ஆணி. இன்னும் ஏழெட்டு வாசல் பார்த்தேன். இல்லை. மழையில் நனைந்து வந்து இரவு சமைக்கவில்லை. இவர் ரொட்டி வாங்கி வந்தார். "என்னத்தத் தேடுத எப்சி?" என்று கேட்டார். கல்யாணமானதிலிருந்து இவர் கேட்ட மிகப் பெரிய கேள்வி. கரையான் என்றேன்.

நவம்பர் 19, புதன்

காலையில் இவர் போனபிறகு பார்த்தால் இன்ஹேலர் மேஜை மேலேயே இருக்கிறது. வெளியே பனி, எதிர்வீடு தெரியவில்லை. திட்டிக்கொண்டே குடையை எடுத்துக்கொண்டு மேல் பஜார் ஏறினேன். மொய்து கடைக்குள் நான் ஒருநாளும் போனதில்லை. எனக்கு அங்கே என்ன வேலை?

கடைக்குப் பத்தடி தள்ளியே நின்றுவிட்டேன்.

இவர் வாசலோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டீ கிளாஸ் இடக்கையில். தோள் நிலையில் சாய்ந்திருந்தது. வலக்கைக் கட்டைவிரல் தோளுக்கு நேராக மரத்தில் ஓர் இடத்தில் இருந்தது. தடவிக்கொண்டிருந்தார். தடவுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையின் தலையைத் தடவுவதைப் போல. பார்வை ரோட்டில் இருந்தது.

பச்சைப் பெயின்ட் அடித்த நிலை. ஆணிகள் வரிசையாக மேலே ஏறிப்போகின்றன. மேலே உள்ள ஆணியில் மொய்து பஸ் டைம் எழுதிய அட்டையை மாட்டியிருக்கிறான், அடுத்ததில் ஒரு துணி. எல்லா ஆணியிலும் பெயின்ட் அப்பியிருக்கிறது. இவர் விரல் பட்ட கடைசி ஆணி மட்டும் பளபளவென்று தங்கம் மாதிரி இருந்தது.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இவர் கையை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார்.

"எப்பருந்து?" என்று கேட்டேன்.

"இந்தக் கடைக்கு ஒயரிங் பண்ண வந்தேன்லா, ஜெஸி ஒண்ணாங்கிளாஸ்ல சேந்த வருசம். பாத்தா என் ஆணி. நான் அடிச்ச ஆணி எனக்குத் தெரியாதா?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். "அவன் பேரை எடுக்கக் கூடாதுன்னு சொன்னியேட்டி. நீ தாங்க மாட்டேன்னு நெனச்சேன்."

அவர் மறந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். நான் தாங்க மாட்டேன் என்று அவர் நினைத்தார். ஒரே வீட்டில், ஒரே பாயில், ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்து இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறோம். டீக்கடையில், ஆண்கள் எல்லாம் பார்க்க, "சாலு" என்று சத்தமாகச் சொல்லி அழுதேன். மொய்து பாய்லரை அணைத்துவிட்டு வந்து நின்றான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. இவர்தான் சொன்னார். இந்த ஆணியெல்லாம் என் மவன், தலைகீழா நிக்கான் என்றார்.

இன்ஹேலரைக் கொடுக்க மறந்து திரும்பவும் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

நவம்பர் 20, வியாழன்

மொய்து வீட்டுக்கே வந்தான். நேற்றுவரை வெறும் ஆணி என்று துணி மாட்டிவிட்டேனே என்று வருத்தப்பட்டான். ஆசாரியைக் கூப்பிட்டு அந்த மரத்தை எடுத்துத் தருகிறேன், வேறு மரம் வைத்துக்கொள்கிறேன், காசு பேச்சே வேண்டாம் என்றான். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. பாய், சட்டி, நிலைமரம் என்று வண்டியில் எங்கே வைப்பது என்பது வரை யோசித்துவிட்டேன்.

இவர் வேண்டாம் என்றார்.

"அங்க கொண்டுபோய் ரூம்ல சாத்தி வெச்சு என்ன செய்ய? இங்கன்னா ஆளு வருது, போவுது, சாப்பிட்டியான்னு கேக்குது. அவனுக்கு அதுதான் புடிக்கும்."

ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசிவிட்டார். மரம் அங்கேயே இருக்கட்டும் என்று மொய்துவிடம் சொன்னேன்.

நவம்பர் 21, வெள்ளி

கூத்து என்னவென்றால், இப்போது இவர் கோயம்புத்தூர் வருகிறேன் என்கிறார். "எனக்கப்புறம் அவன யாரு வந்து பாப்பான்னுதான் கெடந்தேன். இப்ப நீ பாத்துட்டேலா. போதும். போலாம்" என்று சட்டைகளை மடிக்கிறார்.

நான்தான் வரமாட்டேன் என்கிறேன். நேற்றும் இன்றும் காலையில் இரண்டு பேருமாகப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தோம். இவருக்கு எத்தனையோ வருஷம் கிடைத்தது. எனக்கு இரண்டு காலை. இது என்ன நியாயம்?

நவம்பர் 23, ஞாயிறு

விடிகாலையில் இவருக்கு மூச்சு திணறிவிட்டது. ஆம்புலன்ஸ் வரும் வரை உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். உதடு நீலம் பாய்ந்தது. ஆக்சிஜன் வைத்து மத்தியானம் அனுப்பினார்கள்.

ஜெஸிக்குப் போன் செய்து, வண்டி வரட்டும் என்றேன்.

நவம்பர் 26, புதன்

நஸ்ரினிடம் எழுதியதைக் கொடுத்தேன். ஜன்னல், தூண், படி, ஓடு எல்லாம் எங்கே எங்கே இருக்கின்றன என்று எழுதியாயிற்று. அவள் படித்துவிட்டு, "குவாட்டர்ஸ் நிலை எதுவும் கிடைக்கலையா சிஸ்டரம்மா?" என்று கேட்டாள்.

கிடைக்கவில்லை என்றேன். சீசனுக்கு வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்க வேண்டாம். அதற்குப் பதிலாக அவளிடம் ஒன்று கேட்டேன். நூலகம் போகும் வழியில் தினமும் மொய்து கடையைத் தாண்டித்தானே போகிறாய், வாசலில் ஒரு நிமிஷம் நின்று, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போ என்றேன். யாரை என்று கேட்டாள். யாரையாவது என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சரிங்க சிஸ்டரம்மா என்றாள்.

இட்லிச் சட்டியை அவளுக்கே கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 29, சனி

சாமான் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. டிரைவர் ஹாரன் அடிக்கிறார், மதியத்துக்குள் மலை இறங்கிவிட வேண்டுமாம். ஜெஸி எங்களைத் தேடிக்கொண்டு மேல் பஜாருக்கே வந்துவிட்டாள். "ஊரை விட்டுப் போற அன்னிக்கும் டீயா? ஏம்மா, நீயுமா?" என்று கோபித்துக்கொண்டாள்.

"இங்க வாடி. உங்க அண்ணனைக் காட்டறேன்" என்றேன்.

அவளுக்கு அவன் ஒரு போட்டோ மட்டும்தான். அதுவும் பீரோவுக்குள் துணிக்கு அடியில் இருக்கிற போட்டோ. மேல் ஆணியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். இது நிற்கத் தெரியாத வருஷம். இது கையை உடைத்துக்கொண்ட வருஷம். இது பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம். பளபளக்கும் ஆணிக்கு வந்ததும், குதிகாலைத் தூக்கினதை இவர்தான் சொன்னார். ஜெஸி பெஞ்சில் உட்கார்ந்து அதன் மேல் விரலை வைத்தாள். ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

பஸ் டைம் அட்டையையும் துணியையும் மொய்து வேறு இடத்துக்கு மாற்றிவிட்டான். கேட்காமலே எல்லாருக்கும் டீ கொண்டுவந்து வைத்தான்.

டீ நன்றாகவே இல்லை. இன்னொன்று கொடு என்றேன்.